ஈரத்து மேல அடிச்ச பெயிண்ட்

பிப்ரவரி 6

இன்றைக்கும் வந்து வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடங்களில் நான்காவது முறை. எங்கள் 214-ஆம் அறையில், குளியலறையை ஒட்டிய சுவரில் கறுப்பாகப் பூசணம் படரும். நாங்கள் புகார் எழுதுவோம். அவர்கள் வந்து பூசணத்தின் மேலேயே பெயிண்டை அடிப்பார்கள். சுவருக்குள் ஒழுகும் குழாயைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

விடுதி எழுத்தர் பதிவேட்டை நீட்டினார். 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

"நீங்க போடலைன்னா பரவால்லம்மா, நானே போட்டுக்கறேன்" என்றார். போட்டுக்கொண்டார். என் கண்முன்னாலேயே!

எறும்பு நாள் முழுக்க இருமிக்கொண்டிருந்தாள். எறும்பு என் அறைத்தோழி. முதலாண்டு ஆய்வு மாணவி. எப்போதும் தன்னைவிடப் பெரிதாக எதையாவது தூக்கிக்கொண்டு வருவாள், அதனால் அந்தப் பெயர். சின்ன வயதில் விட்டுப்போன மூச்சிளைப்பு இந்த அறைக்கு வந்த மூன்றாம் மாதம் திரும்பிவிட்டது. அவள் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறை நடுவில் போட்டிருக்கிறோம். நடக்க இடம் இல்லை. மூச்சாவது விடட்டும்.

பிப்ரவரி 11

ஆய்வு மாணவர் சங்கக் கூட்டம். நான் செயலாளர். தலைவனுக்கு அடிக்குறிப்பு என்று பட்டப்பெயர், எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் அதற்குக் கீழே இன்னொன்று சேர்க்காமல் முடிக்கமாட்டான். ஆறாம் ஆண்டு வரலாற்று ஆய்வாளன்.

தொண்ணூறு அறைகளையும் கணக்கெடுப்பது என்று முடிவு. நல்லது. ஆனால் சுவர் ஈரத்தை ஐந்து நிலைகளாகப் பிரிப்பதா, ஏழு நிலைகளாகப் பிரிப்பதா என்று இரண்டு மணி நேரம் சண்டை. 'மிதமான ஈரம்' என்றால் என்ன என்று ஒருவர் வரையறை கேட்டார். கையை வைத்தால் ஒட்டுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதாதா?

ஏழு நிலை ஜெயித்தது. வேலை என் தலையில். புள்ளியியல் படித்தவள் ஆயிற்றே.

மார்ச் 3

தொண்ணூறில் அறுபத்து மூன்று அறைகள் ஈரம். மூச்சுத் தொல்லைக்கு மருத்துவர் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு பேர். எறும்பு அதில் ஒருத்தி.

கோரிக்கை இரண்டு. சுவரைத் திறந்து குழாய்களை மாற்ற வேண்டும். அதுவரை அந்தப் பன்னிரண்டு பேரையும் விருந்தினர் இல்லத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே இருபது அறைகள் வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கின்றன. தூசிக்குத்தான் விருந்து.

எறும்பு மதியம் நூலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அறையில் படுத்தால் இழுக்கிறதாம். வெளியில் அறை எடுக்க அவள் உதவித்தொகை காணாது. விடுதி இல்லையென்றால் அவளுக்குப் படிப்பும் இல்லை.

மார்ச் 9

அறிக்கை முடிந்தது. எழுபத்தொரு பக்கம்! வரைபடம், அட்டவணை, மேற்கோள் பட்டியல், எல்லாம். 68-ஆம் பக்கத்தில் 'ஆய்வின் வரையறைகள்' என்ற பகுதியை நானே எழுதினேன். இந்த ஆய்வு எதை நிரூபிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் எந்த ஆய்வையும் வெளியே விடக்கூடாது என்று என் நெறியாளர் முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார். அவர்தான் விடுதிக் காப்பாளரும். படிக்கும்போது சந்தோஷப்படுவார்.

அம்மா போனில், "உனக்கு எதுக்குடி ஊர் வம்பு? நாலு வருஷம் ஆச்சு, படிச்சோமா முடிச்சோமான்னு வா" என்றாள். ஊர் வம்பு இல்லைம்மா, நான் படுக்கிற அறை என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் 14

இன்றைக்கு அறிக்கை மீது பேச்சுவார்த்தை.

பதிவாளர் அறை. நீள மேசை, குளிர்பதனம், சுவரெல்லாம் காய்ந்த பளபளப்பு. ஒரு பக்கம் பதிவாளரும் என் நெறியாளரும். எதிரில் அடிக்குறிப்பு, நான், எறும்பு. அறிக்கையைப் பதிவாளர் திறக்கக்கூட இல்லை. என் நெறியாளர் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

அவர் நேராக 68-ஆம் பக்கத்தைத் திருப்பினார். வாய்விட்டுப் படித்தார். "அறையின் ஈரத்துக்கும் மாணவர்களின் மூச்சுத் தொல்லைக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென இந்த ஆய்வு நிறுவவில்லை."

அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா எழுதியிருக்கம்மா. நேர்மையா எழுதியிருக்க."

பதிவாளர் கோப்பை மூடினார். "அவங்களே இல்லைன்னு சொல்றாங்க. அப்புறம் நாம என்ன பண்றது?"

நான், அது அப்படி இல்லை சார், அது எல்லா ஆய்விலும் எழுதுற வரி என்று ஏதேதோ உளறினேன். பக்கத்தில் எறும்பு வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள். அந்த மேசையிலேயே! யாருக்கும் காதில் விழவில்லை. எட்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

நுணலும் தன் வாயால் கெடும். என் வாயால் நான் கெட்டிருந்தால் தொலையட்டும், கெட்டது அவளல்லவா?

மார்ச் 15

சொந்தக் காசுல சூனியம். அதுவும் எழுபத்தொரு பக்கம் கோர்த்து, அட்டை போட்டு.

மார்ச் 27

நெறியாளர் எறும்பின் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். "பொண்ணு உடம்புக்கு இந்த இடம் ஒத்துக்கலை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறது நல்லது" என்று அக்கறையாகப் பேசினாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"அக்கா, அப்பா புதன்கிழமை வர்றாரு" என்றாள் எறும்பு. மேசையில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். எல்லா அட்டையிலும் வெள்ளைப் பூசணம்.

என் மூன்றாம் அத்தியாயம் இரண்டு மாதமாக அவர் மேசையில் கிடக்கிறது. கேட்கப் போனால், "சங்க வேலையெல்லாம் முடிஞ்சுதா?" என்கிறார்.

ஏப்ரல் 2

எறும்பின் அப்பா வந்தார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். விரல் நகங்களில் நீல நிறம் இன்னும் போகவில்லை. அறைக்குள் வந்ததும் மகளைக்கூடப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு, சொதசொதவென்று.

"ஈரத்து மேலயே அடிச்சிருக்கானுங்க. இது என்ன வேலை?" என்றார். கோபம் வேலையின் மேல். தொழில்காரனின் கோபம். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

ரெண்டு வருஷமா என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு மகளின் மெத்தையைத் தூக்கினார். அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி. அதைச் சுருட்டித் தோளில் போட்டு, இரண்டு மாடி இறங்கி, வாசலில் வெயிலில் விரித்துவிட்டு வந்தார். மகள் ஊருக்குக் கிளம்பப்போகிறாள், மெத்தை யாருக்கு? ஆனாலும் விரித்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். எழுத்தர்கூட எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

எறும்பைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காலி செய்யும் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கெஞ்சினேன். முப்பது நாள் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தாள். அதற்குள் திரும்பாவிட்டால் ஆய்வுப் பதிவு ரத்து.

முப்பது நாள். மே 2.

ஏப்ரல் 4

சங்கத்தில் ஒருவர், அறிக்கையைத் திருத்தி இரண்டாம் பதிப்பாகக் கொடுக்கலாம் என்றார். நான் கத்திவிட்டேன். "இன்னும் எத்தனை பக்கம் எழுதணும்? எழுதி எழுதி அவளை ஊருக்கு அனுப்பிட்டோம். போதாதா?"

எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

அடிக்குறிப்புதான் மெதுவாகக் கேட்டான். "அவங்கப்பா அன்னிக்கு என்ன பண்ணாரு?"

மெத்தையைக் காயப்போட்டார்.

"அதைப் பண்ணுவோம். விதி புத்தகம் முழுக்கப் பார்த்துட்டேன், காயப்போடக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

ஏப்ரல் 8

அறைக்கு ஒன்று என்று அறுபத்து மூன்று மெத்தைகள் எதிர்பார்த்தோம். நாற்பத்தொன்றுதான் வந்தது. சிலருக்கு நெறியாளர் பயம். சிலருக்கு, மெத்தையோடு போய் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். சரி.

எங்கள் அறைக்கு எறும்பின் மெத்தை. காலை ஒன்பது மணிக்கு நிர்வாகக் கட்டடத்தின் படியிலிருந்து புல்வெளிவரை, அடிப்பக்கம் மேலே தெரியும்படி வரிசையாக விரித்தோம். கோஷம் இல்லை, பலகை இல்லை. ஓரமாக உட்கார்ந்து அவரவர் படிப்பைப் படித்தோம். பத்து மணிக்கு வெயில் ஏறியது. பத்தேகாலுக்கு நாற்றம் கிளம்பியது. அடேயப்பா! இதற்குள்ளேயா இவ்வளவு நாள் படுத்துக் கிடந்தோம்?

முதல் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பதிவாளரே இறங்கி வந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி.

"என்ன நாத்தம் இது? முதல்ல எடுங்க இதையெல்லாம்!"

அடிக்குறிப்பு எழுந்து நின்றான். முகத்தில் துளி சிரிப்பு இல்லை. "சார், மெத்தைக்கும் இந்த நாத்தத்துக்கும் காரண காரியத் தொடர்பு உண்டுன்னு இன்னும் நிறுவலை சார்."

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பு! எனக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துச் சிரிக்கிறேன்.

ஏப்ரல் 9

ஐம்பத்தெட்டு.

ஏப்ரல் 10

அறுபத்து மூன்று. நேற்றுவரை பயந்தவர்கள் இன்று முதல் வரிசையில். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் மதியம் வந்து, ஒரு மெத்தையைக் குனிந்து பார்த்துவிட்டு, "எம் பொண்ணும் வெளியூர்ல ஹாஸ்டல்லதான் இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டே போனார்.

ஏப்ரல் 16

உத்தரவு வந்துவிட்டது! மருத்துவர் சான்றிதழ் உள்ள பன்னிரண்டு பேருக்கும் விருந்தினர் இல்லத்தில் அறை. குழாய் மாற்றும் வேலை 'பரிசீலனையில்'. கையெழுத்து: விடுதிக் காப்பாளர், என் நெறியாளர். என் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

எறும்புக்குப் போன் செய்தேன். "நெஜமாவாக்கா?" என்று மூன்று முறை கேட்டாள். அவள் குரலில் இழுப்பே இல்லை. ஊரில் இருந்த பதினான்கு நாளில் போய்விட்டதாம்.

சங்கத்தில் இனிப்பு கொடுத்தோம். வெற்றி, வெற்றி என்று எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.

ஏப்ரல் 22

மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்தது. எண்பது பக்கத்துக்கு ஒரே ஒரு குறிப்பு: 'வரையறைகள் பகுதி போதாது. விரிவாக்கவும்.' அழுவதா, அந்தத் தாளை அவர் மேசையிலேயே வீசிவிட்டு வருவதா?

இரண்டும் செய்யவில்லை. நெறியாளர் மாற்ற விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். மாற்றினால் ஒரு வருடம் கூடுதலாகும் என்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30

இரண்டு நாள் மிச்சம் வைத்து எறும்பு வந்து சேர்ந்தாள். பெட்டியை அப்பா தூக்கி வந்தார். அவள் தன் பங்குக்கு ஒரு மடக்கு மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மாறவே மாட்டாள்.

விருந்தினர் இல்லம், நான்காம் அறை. பெரிய ஜன்னல், காய்ந்த சுவர், புது மெத்தை. எறும்பு படுக்கையில் மல்லாந்து விழுந்து, "அக்கா, மூச்சு வருதுக்கா!" என்று கத்தினாள். அவள் அப்பா மின்விசிறியைப் போட்டுப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார், திருப்தியாகத் தலையாட்டினார்.

கிளம்பும்போது கேட்டார்: "நீ எங்கம்மா படுக்கற?"

"அதே 214-லதாம்ப்பா."

"ஏன், உனக்கு இங்க குடுக்கலையா?"

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கறவங்களுக்கு மட்டும்தாம்ப்பா. எனக்குத்தான் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே."

"அதுக்காக?"

அவ்வளவுதான் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எழுபத்தொரு பக்கத்தில் நான் இதை ஒரு இடத்திலும் கேட்கவில்லை. நுரையீரல் கெட்டால்தான் காய்ந்த சுவர் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லி, நானே தட்டச்சு செய்து, கிடைத்ததும் இனிப்பும் கொடுத்திருக்கிறேன். அறுபத்து மூன்று அறைகள் இன்னும் ஒழுகுகின்றன. இத்தனை நாள் பதிவாளர் மேலும் நெறியாளர் மேலும் வந்த கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. இப்போது என் மேல் வருகிறதே, இதுதான் கோபம். ச்சே! என்ன படிச்சு என்ன பிரயோஜனம்?

அடிக்குறிப்பைக் கூப்பிட்டேன். "நாளைக்கு மறுபடியும் காயப்போடறோம்."

"எத்தனை?"

"எல்லாம். அறைக்கு ஒண்ணு இல்ல. எல்லாமே."

"சரி" என்றான். வேறெதுவும் சேர்க்கவில்லை.

214-க்கு வந்து என் மெத்தையைப் புரட்டினேன். தொண்ணூறு அறைக்கும் போய்க் கணக்கெடுத்தவள் நான். இதை மட்டும் ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை.

முழுக்கக் கறுப்பு.