கூழன் என்று நீ சொன்ன பழம்

நகக்கண்களில் இன்னும் பலாப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இன்று பின்னேரம் நம் பழத்தை வெட்டினோம். சுளை குழைந்து வழியும் கூழன்தான். நீ சொன்னதுதான் சரி.

ஒன்றாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் வீட்டில் தின்ற, சுளை இறுக்கமான வருக்கைப் பழத்தின் கொட்டையை ஃபிளாட்டுக்குப் பின்னால் மதிலோரம் புதைத்தோமே, அது மரமாகி இந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. ஒரே ஒரு காய். அடிமரத்தில், முழங்கால் உயரத்தில். "வருக்கைக் கொட்டையில வருக்கைதான் வரும்" என்றேன். நீ மதிலில் ஏறி இருந்து சிரித்தாய்.

"வாப்பாட பழக்கடையில வந்து கேளு புள்ள. வருக்கைக் கொட்டையில கூழனும் வரும். மரத்துக்கு ஒன்ட புத்தகம் வாசிக்கத் தெரியுமா?"

பள்ளிக்கூட வேனிலும் அதே சண்டை. "பிலாக்காயை விட்டுட்டு வேற ஏதும் கதையுங்கோ பிள்ளையள்" என்று வேன் அங்கிள் கெஞ்சுவார்.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உன் உம்மாவின் ஃபோனில் கதைத்தாய். "காயிலயே வெட்டி ஃபோட்டோ அனுப்பு. சுளையைப் பார்த்தா எனக்கு வெளங்கும்."

"பழுக்கட்டும். நீ வந்தாப் பிறகு வெட்டுவம்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், நீ தோற்பதை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது உங்கள் வாசல் நிறையச் செருப்புகள். அதற்குள் உன்னை அடக்கம் செய்யக் கொண்டு போயிருந்தார்கள்.

அதன்பின் பழத்தைத் தொடப் பயந்தேன். வெட்டினால் நம் சண்டை முடிந்துவிடும். வாசம் மாடிப்படிவரை ஏறி வந்தபோதும் மதில் பக்கம் போகவில்லை. இன்று உன் உம்மா கத்தியோடு வந்து கதவைத் தட்டினார்.

"வாங்க மகள், வெட்டுவோம். இன்னும் விட்டா அணில்தான் திங்கும்."

முதல் சுளை விரலிடையே வழிந்தது. அவர் அதை வாயில் வைத்துச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

"அவதான் வெண்டது, ஆன்டி" என்றேன்.

இப்போது எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் "ஓம்" என்கிறார்கள். நேற்று வகுப்பில் வேண்டுமென்றே ஒன்றைப் பிழையாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள், "ஓமடி, அப்பிடித்தான்" என்று தலையாட்டினாள்.

எதையாவது அடித்துச் சொல்லிவிட்டால், இப்போதும் கொஞ்சம் நிறுத்துகிறேன். நீ மறுத்துப் பேசத் தேவையான அளவு நேரம்.