வானிலைக் குரலில் நின்ற பெட்டி

செப்டம்பர் 3

கொழுந்தன் வஸ்ஸிலி, ரேடியோப் பேச்சைத் தேடிப் பிடிக்கும் ஒரு பழைய ஸ்கேனர் பெட்டியைக் கொண்டுவந்து அடுப்படி ஜன்னலில் வைத்தான். அவனும் விமானிதான். என் வீட்டுக்காரர் ஈவோன் தபால் விமானத்தில் மலை தாண்டி வரும்போது பேசுவதை இனி வீட்டிலிருந்தே கேட்கலாம். முதலில் வெறும் கரகரப்பு. "எஃப்.எம்.ல போட்டா எப்படிக் கேக்கும் அண்ணி? பிளேன்காரங்க இன்னும் ஏ.எம்.லதான் பேசுறாங்க," என்று சிரித்தான்.

ஈவோன் வந்ததும், "வேவு பாக்க ஆரம்பிச்சிட்டியா? இனிமே நான் மரியாதையாப் பேசணும் போல," என்றார்.

செப்டம்பர் 5

இரைச்சலை அடக்கும் குமிழை அதிகம் திருகினால் தூரத்துக் குரலும் சேர்ந்தே அடங்கிவிடுகிறது. இரைச்சல் நிற்கும் இடத்தோடு விட்டேன். மலைக்கு அப்பாலிருந்து ஈவோன் பேசியது கேட்டது! சின்னப் பெண் மாதிரி கைதட்டினேன்.

செப்டம்பர் 11

எங்கள் ஊர் ஓடுபாதை விளக்கு கெட்டுப்போய் ஒரு மாதமாகிறது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர் குரல் கேட்டதும் நாலுசக்கர பைக்கில் போய், பாதை முனையில் பைக் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். இங்கே எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இன்று நல்ல மூட்டம். "உன் வெளிச்சத்தைப் பாத்துத்தான் இறங்கினேன்," என்றார். பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 19

ஸ்கேனர் ஒன்று மாற்றி ஒன்றாகத் தேடும் அலைவரிசைகளின் வரிசையில் நகரத்து வானிலை அறிவிப்பையும் சேர்த்தேன். அலாஸ்காவில் பிறந்தவளுக்கு மூட்டம் புதிதில்லை. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே?

செப்டம்பர் 20

கடவுளே.

சாயங்காலம் முழுக்க வானிலை சொல்லும் அந்த இயந்திரக் குரல்தான் — மேகம், காற்று, மேகம், காற்று. சால்மன் மீனைக் கீறிக்கொண்டே கேட்டிருந்தேன். அவர் குரல் வராததால் இன்னும் கிளம்பவில்லை என்றுதான் நினைத்தேன். திடீரென்று கூரைக்கு மேலே இன்ஜின் சத்தம். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். மூட்டத்துக்குள் அந்தச் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றி மலைப்பக்கம் போனது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 21

கண்டெடுத்தார்கள்.

செப்டம்பர் 25

அடக்கம் முடிந்து வந்த வஸ்ஸிலி ஸ்கேனரை எடுத்துப் பார்த்தான். "குரல் கேக்குற இடத்துல இது நின்னுடும் அண்ணி. வானிலை அறிவிப்பு ஓயவே ஓயாதே, அங்கேயேதான் நிக்கும். அதை வரிசையில சேர்க்கவே கூடாது..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அப்படியானால் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் இங்கே மீன் கீறிக்கொண்டிருந்தேன்!

"விளக்கைச் சரிபண்ணாதவனைத் திட்டுங்க அண்ணி. உங்களையே திட்டிக்காதீங்க."

யாரைத் திட்டி என்ன?

அக்டோபர் 14

இன்றும் ஸ்கேனரைத் தொடவில்லை.

அக்டோபர் 30

தன் அண்ணன் பார்த்த தபால் வேலைக்கு வஸ்ஸிலியே போகிறானாம். "உனக்கென்ன பைத்தியமா? இந்த வீட்டுல ஒருத்தரைக் குடுத்தது போதாதா?" என்று கத்தினேன். "எனக்கு வேற என்ன வேலை தெரியும் அண்ணி?" என்றான். கதவை அறைந்து சாத்தினேன். அழுகை நிற்கவில்லை.

நவம்பர் 4

வஸ்ஸிலிக்கு முதல் நாள். வானிலையை வரிசையிலிருந்து எடுத்தேன். எங்கள் ஊர் அலைவரிசை ஒன்று மட்டும் போதும். மதியத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருமுறை எழுந்துபோய்க் குமிழைத் தொட்டுப் பார்த்தேன்.

இருட்டும் நேரத்தில் கேட்டது. அப்படியே அவன் அண்ணன் குரல். "மலையைத் தாண்டிட்டேன். அண்ணி, கேக்குறீங்களா?"

இந்தப் பெட்டியில் பதில் பேச முடியாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

"கேக்குறேன்டா," என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு பைக் சாவியை எடுத்தேன்.