உன் சேலைகள் இல்லாத போர்வை

அன்புத் தோழி,

இன்று அலோர் ஸ்டார் டவுனில் ஒரு துணிக்கடையில் எனக்காகப் பருத்தித் துணியை விரித்துக் காட்டினார்கள். புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். துவைக்காமல் கத்தரிக்கோல் வைத்தால் என்னைச் சும்மா விடுவாயா? "இப்பவே சுருங்கட்டும்டி. தைச்ச பெறகு சுருங்குனா போர்வை அப்பளமாயிடும்லா" என்பாய்.

உன் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், பேரப்பிள்ளைக்கு உன் சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத்தான் போர்வை தைக்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். சுங்கை லாலாங்கில் நாம் குடியிருந்த காலத்துச் சேலைகளில்கூட ஆளுக்கொரு மூலையை வெட்டினோம். நைலக்ஸ் சேலை வேண்டாம், சூடு தாங்காது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்கவில்லை. இஸ்திரிப்பெட்டி பட்டதும் அது உருகி ஒட்டிக்கொண்டது. "மூஞ்சியத் தூக்காதடி, இன்னொரு துண்டு இருக்குலா" என்று சிரித்தாய். அடுத்த துண்டின் மேல் பழந்துணியைப் போட்டு இலேசாகத் தேய்த்தோம்.

நோய் உன்னைப் படுக்கையில் போட்ட பிறகும் நீ விடவில்லை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊக்குக் குத்தி உன் மடியில் விரித்தேன். சுருக்கமெல்லாம் ஓரத்துக்கு ஓடட்டும் என்று நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு வந்தாய். குளிர் தாங்காத நேரத்தில் அதையே இழுத்துப் போர்த்திக்கொண்டாய். கடைசி மூச்சும் அதற்குள்ளேயே போனது.

காரியம் முடிந்த மறுநாள் உன் நாத்தனார் மெத்தையோடு சேலைகளையும் போர்வையையும் மூட்டை கட்டினார்.

"இது புள்ளைக்குத் தைச்சது, அக்கா. இத மட்டும் விட்டுடுங்க" என்று பிடித்துக்கொண்டேன்.

"செத்தவங்க போத்துனத பச்சப்புள்ளைக்குப் போத்துறதா? ஆகாதும்மா."

உன் மகள் வயிற்றில் கைவைத்தபடி நின்றாள். மூட்டைக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. கோபம்தான் இன்னும் ஆறவில்லை. எல்லாவற்றையும் குப்பை லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

போன வாரம் அவளே அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா தைச்ச மாதிரியே ஒன்னு தைச்சுத் தாங்க. அதோட பாட்டியே தைச்சதுன்னு புள்ளைகிட்ட சொல்லிக்கிறேன்."

"சரிம்மா" என்றேன். வெட்டுவதற்கு உன் சேலை ஒன்றுகூட மிச்சமில்லை. கடைக்காரர் எடுத்துப் போட்ட பூப்போட்ட துணிகளில் எதையும் நீ ஒருநாளும் உடுத்தியதில்லை. அந்தக் குழந்தை உன்னைத் தொடுவதற்கு இருந்த ஒரே வழி லோரியில் போய்விட்டது.

உன்னோடு உட்கார்ந்து பழகிய கை மட்டும்தான் என்னிடம் மிச்சம். அதை வைத்துக்கொண்டு இனி ஒரு பொய்யைத் தைக்கப் போகிறேன். பிரியாமல் இருக்க வேண்டுமே என்று நெருக்கித் தைப்பேன்.