ஒருசந்தி நாளில் பார்த்த நிறையைக் கொண்டு என்னை ஒதுக்கியமை

அனுப்புநர்:
திருமதி பெர்னடெட் எமில்ராஜ்,
கடற்கரை வீதி, குருநகர்,
யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
குருதி மூலக்கலச் சேகரிப்புப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: தம்பி சிமியோனுக்கு மூலக்கலம் வழங்க எனக்கு மறுபரிசோதனை கோரல்

மதிப்புக்குரிய ஐயா,

1. குருதிப் புற்றுநோய்க்குத் தங்களிடம் சிகிச்சை பெறும் சிமியோன் என் கடைசித் தம்பி. மருந்தால் நோய் இப்போது அடங்கியிருக்கிறது. அது மறுபடி தலைதூக்கமுன், சுகதேகி ஒருவரின் குருதியிலிருந்து, புதுக் குருதியை உண்டாக்கும் மூலக்கலம் எடுத்து அவனுக்கு ஏற்றவேண்டும் என்று தங்கள் வைத்தியர்களே கூறினர். எனதும், கனடாவிலுள்ள என் மற்றத் தம்பி றஞ்சித்தினதும் குருதி அவனுக்குப் பொருந்துகிறது.

2. யாரிடமிருந்து போதியளவு கலம் கிடைக்கும் என்பதை வயது, நிறை, குருதிப் பரிசோதனை கொண்டு முன்கூட்டியே கணிக்கும் அட்டவணை ஒன்று தங்களிடம் உண்டு. நத்தாருக்கு வந்து நின்ற றஞ்சித் அதில் 'மிக நன்று' பெற்றார். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கிடைக்காத பெறுபேறு, குடும்பமாக மகிழ்ந்தோம். பின்னர் என்னைச் சோதித்தபோது எனக்கு 'போதாது' என்று வந்தது.

3. அட்டவணையைக் குறைகூற நான் படித்தவளல்ல. அது றஞ்சித்தின் வயதைக் கேட்டது, நிறையைக் கேட்டது. வருவாரா என்று மட்டும் கேட்கவில்லை. இரு கைகளிலும் ஊசி ஏற்றிக் குருதியை இயந்திரத்தில் சுற்றவிடும் படத்தைப் பார்த்தபின் அவருடைய தொலைபேசி பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது. தங்கள் அலுவலகமோ, "நல்ல கொடையாளி வரும்வரை பொறுங்கோ" என்கிறது. நோய் எவ்வளவு காலம் பொறுக்கும் என்பதற்கும் அட்டவணை இருந்தால் அறியத்தரவும்.

4. தம்பி சுகமாகும்வரை நாளுக்கு ஒருவேளை மட்டும், அதுவும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவுமில்லாமல், உண்பதென நேர்த்திவைத்து நத்தார் முடிந்ததும் ஒருசந்தி பிடிக்கத் தொடங்கினேன். பங்குனியில் அந்த மெலிவோடுதான் என் நிறையைப் பார்த்தார்கள். நோய், சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு எல்லாம் தாதி விசாரித்தா. ஒருசந்தியோ என்று விசாரிக்கவில்லை. ஒறுத்தலைப் பிறருக்குக் காட்டக்கூடாது என்பது வேதம். ஆதலால் நானும் தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, சிரித்தபடி தராசில் ஏறினேன். முடிவைக் கேட்ட சிமியோன், "அக்கா, நான் சுகமாகவேணுமெண்டு பட்டினி கிடந்து என்ரை மருந்தையெல்லே மெலியப்பண்ணிப்போட்டியள்" என்று சிரித்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

5. பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னேன். "ஆண்டவர் பொறுப்பார், நீங்கள் முதல்லை சாப்பிடுங்கோ" என்றார். அன்றுதொட்டு மீன், முட்டை, கீரை, உழுத்தங்களி என்று வீட்டில் எனக்கே முதற்பந்தி. கணவர் தன் பங்கு மீன்தலையையும் என் பக்கம் தள்ளுகிறார். கலியாணம் கட்டி இதுவே முதற்தடவை. சட்டைகள் இறுகிவிட்டன.

6. ஐயா, வீட்டுக் கணக்கு எழுதும் நானும் மாதத் தொடக்கத்தில் செலவை மதிப்பிடுவேன். ஆனால் மாத முடிவில் உண்மையில் நடந்ததையும் எழுதாமல் கொப்பியை மூடுவதில்லை. ஆகவே என் நிறையை மறுபடி பார்த்து, குருதியைச் சோதித்து, தகுதி கண்டால் கலங்களைப் பெருக்கும் ஊசியைப் போட்டு, குருதியில் எவ்வளவு வந்திருக்கிறது என எண்ணிப் பார்க்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். அதன்பின் 'போதாது' என்றால் ஏற்றுக்கொள்வேன்.

7. பதில் தராவிட்டால் உண்ணாவிரதம் இருப்போம் என்று மனுக்களை முடிப்பது வழக்கம். எனக்கு அந்த வசதி இல்லை. தங்கள் அழைப்பு வரும்வரை மூன்று வேளையும் உண்டுகொண்டிருப்பேன்.

தராசில் ஏற ஆயத்தமாயிருக்கும்,
பெ. எமில்ராஜ்

குருநகர்
2025.05.14