மூன்றாம் முறை கூப்பிடும்வரை

காட்டில் யார் கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பாத என் அப்பாவுக்கு,

இன்று நம் வழக்குக்கு வாய்தா. மலைக்குக் கீழேயிருந்து வந்தவர் வேலி போட்டு வளைத்துக்கொண்ட மிளகுத் தோட்டம் இன்னும் நமக்குத் திரும்பவில்லை. நீங்கள் போன பிறகு, வாரிசாக என்னைச் சேர்த்து, தள்ளுபடியான வழக்கை வக்கீல் மறுபடி எடுக்க வைத்தார். "இன்னொரு தடவை ஆளில்லைன்னா தோட்டத்த மறந்துருங்கம்மா" என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார். விடியுமுன் மலைமேல் நம் திண்ணனூர் நாட்டிலிருந்து கிளம்பியும் என்ன பயன்? மலை வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. பஸ்ஸுக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோர்ட் கட்டடம் நினைவிருக்கிறதா அப்பா? வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்கார் கச்சேரியாகக் கட்டி, பிறகு கோர்ட்டாக்கினார்களாம். முகப்பில் வரிசையாக உருண்டைத் தூண்கள், மேலே முக்கோண முகடு. கல் தூண் என்று தட்டிப் பார்த்தீர்களாமே, இப்போது சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது.

வெக்கை தெரியாமலிருக்க உயர்த்திக் கட்டிய அந்தக் கூரைதான் நம்மைக் கெடுத்தது. வழக்கு தள்ளுபடியான அன்று, கோர்ட் வாசலில் ஆளைக் கூப்பிடும் டவாலி சொன்ன உங்கள் பெயர் சுவருக்குச் சுவர் மோதி, எங்கிருந்தோ வருவதுபோல் கேட்டதாம். நீங்கள் அசையவில்லை. "காட்டுல ரெண்டு வாட்டி எது வேணா கூப்புடும். மூணாவது வாட்டி கூப்புட்டாத்தான் மனுசன், கண்ணு" என்று ஊட்டுக்கு வந்து சொன்னீர்கள். டவாலி அவசரத்தில் இரண்டோடு நிறுத்திவிட்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

இன்று நான் படியேறும்போதே உள்ளே உங்கள் பெயர் கேட்டது. வழக்கு இன்னும் உங்கள் பெயரில்தானே இருக்கிறது. வராந்தாவில் கூட்டம் வழிவிடவில்லை. வக்கீல் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேனுங்க" என்று கத்தினேன். அதே கூரை என் குரலை வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது.

"ஏனுங்க, மெதுவா வாங்க. இன்னொருக்காக் கூப்புடாமயா போயிருவேன்?" என்றார் டவாலி.

நான் உள்ளே போய் நின்ற பிறகும், முறைக்காக மூன்றாவது தடவை உங்கள் பெயரைக் கூப்பிட்டார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அப்பா.

வழக்கு உயிரோடு இருக்கிறது. அடுத்த வாய்தா புதுக் கட்டடத்தில், மைக்கில் கூப்பிடுவார்களாம். முதல் தடவைக்கே நான் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்றாவதற்கு வந்தால் போதும்.

உங்கள் பெயருக்குக் குரல் கொடுத்த மகள்,
பொன்னி