வெடி ஊர் நாய்க்கும் பயம் உண்டு

தாயில்பட்டி
4.11.2005

அன்பு மக வேல்விழிக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் உங்க அப்பாவும் சேவும் நல்ல சொகம், டெல்லிக் குளிர்ல நீ எப்படி இருக்கியோன்னுதான் எந்நேரமும் நெனப்பு. மூணு பேரும் சொகம்னு லேசா எழுதிட்டேன், அந்த மூணாவது ஆளு நம்ம வீட்டுலயே இருக்கிறதுக்கு நான் தெருவையே பகைக்க வேண்டியதாப் போச்சு தாயி. தீவாளியன்னைக்கு நீ போன்ல சேவு எப்படிம்மா இருக்குன்னு கேட்ட, நான் ம் ம்னு மட்டும் சொன்னேன், அம்மாவுக்கு என்ன கோவமோன்னு நெனச்சிருப்ப. போன் இருக்கிறது உன் பெரியப்பா வீட்டுல. அவுக கையில கட்டோட எனக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தாக. அந்தக் கையக் கடிச்சதே நம்ம சேவுதான், அங்கன வச்சு எதைச் சொல்ல? அதான் உக்காந்து எழுதுறேன். அறிவொளியில படிச்ச எழுத்து, சிரிக்காமப் படி.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல சேவுப் பொட்டலத்தைக் காட்டி நீ கூட்டியாந்த நாய்க்குட்டியா இதுன்னு கேக்குற மாதிரி ஆயிருச்சு இந்த சீசன்ல. வெடிக் கம்பெனிப் பொட்டல்ல புது ஐட்டம் வெடிச்சுப் பாப்பாகல்ல, அந்தச் சத்தம் காதுல விழுந்தாலே வாலைச் சுருட்டிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிரும். சோத்தை மோந்து பாத்துட்டு அப்படியே விட்டுரும். தூக்கம் வராத நேரத்துல கொட்டாவி கொட்டாவியா விடும், சும்மா சும்மா உதட்டை நக்கும், மழை பேஞ்சு சிலுசிலுன்னு இருக்கையில நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். வீட்டுக்குள்ளயே மூத்திரம் பேஞ்சுட்டு என் மூஞ்சியவே பாக்கும். அதுக்குத் திமிரு கூடிப்போச்சுன்னு உங்க அப்பா சொன்னாக, வயித்துல பூச்சியா இருக்கும்னு எதுத்த வீட்டு வெள்ளைத்தாய் சொன்னா. எனக்கு அதைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, இது பயம். வேற ஒண்ணும் இல்ல.

ஒருநாள் சாயங்காலம் உன் பெரியப்பா வந்தாக. கம்பெனிக்குத்தான் அவுக போர்மேன், நம்ம கட்டிலுக்கு அடியிலயும் அவுகதான் போர்மேன்னு நெனப்பு. வெடி ஊர்ல பொறந்த நாய் வெடிக்குப் பயப்படுறதா, வெளிய சொன்னா நாறிப்போகும், நான் பழக்கிவிடுறேன்னு சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம்னு கத்தக் கத்த அதைக் கழுத்தைப் புடிச்சு இழுத்தாந்து வாசல்ல ஒரு வெடியப் பத்தவச்சுட்டாக. அது என்ன செய்யும்? கையில ஒரே போடு. சேவுக்கு வருசம் தவறாம ஊசி போட்டிருக்கோம், அவுகளும் போய் ஊசி போட்டுக்கிட்டாக, ஒரு கொறையும் இல்ல. ஆனா மானம் போச்சே. தீவாளிக்குள்ள இந்த நாயை லோடு லாரியில ஏத்தி மதுரைக்கு அங்கிட்டு எறக்கிவிடணும், இல்லைன்னா எனக்குத் தம்பியும் கிடையாது, தம்பி பொண்டாட்டியும் கிடையாதுன்னுட்டாக. உங்க அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்காக. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், அந்த லாரியில நானும் ஏறுறேன், ரெண்டு பேரையும் ஒரே எடத்துல எறக்கிவிடச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டேன்.

சொல்லிட்டேனே தவிர உள்ளுக்குள்ள உதறல்தான். தீவாளியன்னைக்கு இது கயித்தை அத்துக்கிட்டு ஓடி எங்கயாவது அடிபட்டுச் செத்தா, நான் சொன்னேன்லன்னு சொல்ல ஊரே காத்துக்கிட்டு இருக்கு. அதனால வெடிக்குப் பயப்படுற நாய்க்குன்னு நீ முன்ன போன்ல சொன்னியே, இருட்டு ரூமு, சன்னலுக்கு மறைப்பு, ரேடியோ, படுக்க நம்ம உடுத்துன துணி, அம்புட்டையும் செஞ்சேன். உங்க அப்பாவே சன்னலுக்குச் சாக்கு அடிச்சுக் கொடுத்தாக. துணிக்கு நான் கம்பெனிக்குக் கட்டிக்கிட்டுப் போற சேலைய விரிச்சேன், அதுலதான என் வேர்வை அம்புட்டும் இருக்கு. தீவாளிக்கு முந்துன நாளு தெருவுல பொடிசுக நாலு வெடியப் போட்டதும் சேவை உள்ள விட்டுக் கதவச் சாத்துனா, அய்யோ, அது பட்ட பாடு! கதவைப் பிராண்டிப் பிராண்டி நகமெல்லாம் ரத்தம், வாயெல்லாம் எச்சி. தெறந்தவுடனே என்னையத் தாண்டி ஓடிருச்சு. உன் பெரியப்பா சொன்னதுதான் சரியோன்னு அந்தச் சேலையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதேன். அப்பத்தான் உறைச்சுச்சு. நீ லீவுல வீட்டுக்குள்ள நுழையும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு, மருந்து வாடை குமட்டுதும்மான்னு சொல்லுவியே, அந்த வாடை எனக்கு ஒரு சொட்டுக்கூடத் தெரியல. மருந்து ரூம்ல வெடிக்கு மருந்து திணிச்சுத் திணிச்சு எங்க மூக்கு செத்துப்போச்சு, நாய்க்குச் செத்துப்போகுமா? வெடிக்கு நடுங்குற சீவனுக்கு வெடி மருந்து வாடையவே மெத்தையா விரிச்சுக் கொடுத்திருக்கேன் பாரு, இந்த ஊர்க்காரியத் தவிர எவ செய்வா? கம்பெனி கொடுத்த வெடிப் பெட்டியும் அந்த ரூமு பரண்லதான் இருந்துச்சு. சீசன் பூராம் நான் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் சேவு ஏன் என்கிட்ட வராதுன்னும் அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. பெட்டியத் தூக்கி வெள்ளைத்தாய் வீட்டுல வச்சேன், ரூமைக் கழுவிவிட்டேன், டிரங்குப் பெட்டியில கிடந்த உன் பள்ளிக்கூடத் தாவணிய எடுத்து விரிச்சேன். சேவு அதை ரொம்ப நேரம் மோந்துக்கிட்டே நின்னுட்டு அதுமேல சுருண்டு படுத்துச்சு. நீ பாத்திருந்தா அழுதிருப்ப.

தீவாளி விடிஞ்சதும் உன் பெரியப்பா சரவெடியத் தெரு நீளத்துக்கு விரிக்க ஆரம்பிச்சாக. உனக்குத்தான் தெரியுமே, போர்மேன் வீட்டுல பத்தவச்சு தம்பி வீட்டு வாசல்ல முடியணும், அதுதான் வருசா வருசம் மருவாதி. நான் எண்ணெய் தேச்ச தலையோட வாசல்ல போய் நின்னேன். அத்தான், சரத்தை ஊர்க்கோடி மந்தைப் பொட்டலுக்குக் கொண்டுபோங்க, இங்கன வேண்டாம்னு சொன்னேன். சோறு போடுற தொழிலையே பழிக்கிறா பாருன்னு எவனோ சொன்னான். நான் பழிக்கல, வெடிக்க வேண்டாம்னும் சொல்லல, அதுல இருக்கிறது இந்தக் கை திணிச்ச மருந்துதான், அதை எங்கன வெடிக்கலாம்னு சொல்ல எனக்கு வாய் கிடையாதான்னு கேட்டேன். ஒரு நாய்க்கு இம்புட்டு ஆட்டமான்னு பெரியப்பா கத்துனாக. விட்டேனா? ஆடி மாசம் கம்பெனி வாசல்ல லாரி டயர் வெடிச்சப்ப செருப்பைக்கூட விட்டுட்டு முதல்ல கேட்டைத் தாண்டுனது யாரு அத்தான், அன்னைக்கு உங்களை யாரும் கழுத்தைப் புடிச்சு இழுத்துப் பழக்கலையேன்னு கேட்டுட்டேன். தெருவுல ஒருத்தரும் சிரிக்கல. எப்படிச் சிரிப்பாக, அன்னைக்கு எல்லாரும்தான ஓடுனோம். உங்க அப்பாதான் முதல்ல அசைஞ்சாக. கீழ கிடந்த சரத்தோட ஒரு முனையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மந்தையப் பாத்து நடந்தாக. பெரியப்பாவுக்கு வேற வழி? மறு முனையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போனாக.

நான் போய் சேவோட ரூம்ல உக்காந்துக்கிட்டேன். மந்தையில வெடிக்கிறது ரேடியோவையும் மீறி லேசாக் கேட்டுச்சு. அது நடுங்குச்சு, ஆனா ஓடல, என் கால்மேல தலைய வச்சுப் படுத்துச்சு. ஒவ்வொரு சத்தத்துக்கும் அதுக்குத் தூக்கிப்போட்டப்ப எனக்கும் தூக்கிப்போட்டுச்சு தாயி. கம்பெனியில பக்கத்து மருந்து ரூமு வெடிச்சு உங்க பஞ்சம்மா அத்தை போனாளே, அன்னையிலருந்தே இப்படித்தான். சேவு கட்டிலுக்கு அடியில போயிருது, நான் தூக்குவாளியத் தூக்கிக்கிட்டுக் கம்பெனி வேன்ல ஏறிர்றேன், அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அன்னைக்கு நீ போனை வச்சதும் பெரியப்பாகிட்ட நேராவே சொல்லிட்டேன். தீவாளி லீவு முடிஞ்சு கம்பெனி தொறந்தா மருந்து ரூமுக்கு வரமாட்டேன், பாக்கெட் போடுற எடத்துல போடுங்க, இல்லைன்னா தீப்பெட்டி ஒட்டுற ஆபீசுக்குப் போயிர்றேன்னேன். என்ன திடீர்னுன்னு கேட்டாக. பயமா இருக்குன்னேன். நாய்க்காகத் தெருவுல நின்னு சண்டை போட்டவ, எனக்குன்னு சொல்ல எதுக்கு வெக்கப்படணும்? அவுக லாரிப் பேச்சை எடுக்கவே இல்ல, கட்டுப்போட்ட கையத் தடவிக்கிட்டே யோசிக்கேன்னு சொன்னாக. யோசிக்கட்டும், நான் யோசிச்சு முடிச்சுட்டேன்.

பத்திரகாளி ஆத்தா உன் கூடவே இருந்து காப்பா, நீ நூறு வருசம் நல்லா இருக்கணும். சுவெட்டரைப் போடு, நைட் டூட்டின்னு சோறு திங்காமப் போகாத. உங்க ஹாஸ்டல் மாடிப்படிக்கு அடியில ஒரு நாய் கிடக்கும்னியே, அங்க வெடிக்கிறதும் நாங்க செஞ்சு அனுப்புனதுதான், சத்தம் கேட்டா அதுக்கு ஒரு கதவத் தெறந்துவிடு. உன் தாவணி இனி திரும்பக் கிடைக்காது, அது சேவோடது. பொங்கலுக்குக் கட்டாயம் வா. வந்து நல்லா மூச்சு இழுத்துப் பாரு, உங்க அம்மாகிட்ட அந்த வாடை இருக்காது.

இப்படிக்கு
உன் அம்மா
வெ. அய்யம்மாள்