பச்சைக்குத் திரும்பிய நெல்

உத்திரமேரூர்
ஐப்பசி 24, திங்கட்கிழமை

அன்பு மகன் மோகன்குமாருக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நான், உங்கம்மா, உங்கக்கா கனகா, பசுமாடு, போன வாரம் அது ஈன்ற கிடேரிக்கன்று எல்லோரும் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், நிஜமான பதில் வேண்டும். போன் இருக்க நைனா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் கேட்டால் உங்கம்மா ஓடி வந்து ஸ்பீக்கரில் போடு என்பாள், அவள் காதில் விழக்கூடாத பேச்சு இது. அதனால்தான் கழனிக்கு உரம் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்து போகிறது, நம் நடவும் பச்சை பிடித்துவிட்டது, ஊர் நிலவரத்தில் குறை ஒன்றுமில்லை. எனக்குத்தான் பத்துப் பதினைந்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ மலேசியா போன முதல் மாதம் பாக்டரி வேலை பழகவில்லை, நின்று நின்று கால் வீங்குது நைனா என்று அழாத குறையாகப் பேசினாய். அப்புறம் பழகிவிட்டது, சூப்பர்வைசர் நல்ல மனுஷன், ரூமில் நம்மூர்ப் பக்கத்துப் பையன்கள் ரெண்டு பேர் என்றாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி எங்கேயாவது போய்ப் படம் அனுப்புவாய். மலைக்கோயில் படிக்கட்டு, தேயிலைத் தோட்டம், கடல் பாலம். உங்கம்மா அதையெல்லாம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் காட்டுவாள். எம்புள்ள பாக்காத எடம் இல்லமா, அங்க எல்லா ஊரும் அவனுக்கு அத்துப்படி என்று அவள் பீற்றிக்கொள்ளும்போது நானும் மீசையைத் தடவிக்கொண்டுதான் நின்றேன், பொய் சொல்வானேன்.

தீபாவளிக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் அனுப்பினாயே, கடலோரத்து நெல்வயல், இன்னைக்குப் போனேன் நைனா, உனக்காகத்தான் எடுத்தேன் என்று. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள், நான் பயிரைப் பார்த்தேன். பழுத்துத் தலை சாய்ந்த கதிர், இன்னும் ஒரு வாரம் விட்டால் கொட்டிவிடும். மடைக்கதவு மஞ்சள் பெயிண்ட், அதில் 14 என்று எழுத்து. அடுத்த ஞாயிறு மறுபடி அதே இடம், இன்னைக்கும் இங்கதான் வந்தோம் என்று போட்டாய். அதே மஞ்சள் கதவு, அதே 14, பின்னால் அதே சிவப்பு ஓட்டு வீடு. ஆனால் கதிர் பச்சை! பால் கூட முற்றவில்லை, நிமிர்ந்து நிற்கிறது. ஏண்டா, முப்பத்தைந்து வருஷமாகச் சேற்றில் நிற்கிறவன் நான். பச்சை பழுக்கும், பழுத்தது பச்சையாகுமா? எந்தச் சீமையிலாவது நெல் பின்னால் போகுமா? முதலில் வேறு வயலாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு ரெண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், வரப்பில் இருக்கிற உடைப்பு வரைக்கும் ஒன்றாக இருந்தது. எப்போதோ எடுத்து வைத்த படங்களை வரிசை தெரியாமல் வாரத்துக்கு ஒன்றாக விடுகிறான், அப்படியென்றால் இப்போது இவன் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான்?

அடுத்த ஞாயிறு நீ பேசும்போது வேண்டுமென்றேதான் கேட்டேன், அந்த வயல் என்னடா ஆச்சு என்று. அறுத்துக்கினு இருக்காங்க நைனா, மிஷின் வுட்டுக்கீறாங்க என்றாய். பச்சைக் கதிரை எவனடா அறுப்பான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். வீடியோவில் வா என்றால் கேமரா ரிப்பேர் என்கிறாய், ரிப்பேரான கேமராவில் ஞாயிற்றுக்கிழமைப் படம் மட்டும் எப்படி வருகிறது? முன்பெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் பேசுவாய், பின்னால் மிஷின் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது. இப்போது வேலை நாளில் கண்ட நேரத்தில் பேசுகிறாய், பின்னால் சேவல் கூவுகிறது. பாக்டரிக்குள் சேவலுக்கு என்னடா வேலை?

வேலை போய்விட்டதா, மிஷினில் கை கிய் மாட்டிக்கொண்டதா, பர்மிட் முடிந்து ஒளிந்து கிடக்கிறாயா, ஒன்றும் தெரியாமல் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் தலை வெடிக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வியாழக்கிழமை சாம்சனைத் தேடிப் போனேன், உன்னோடு படித்தவன், கத்தாருக்குப் போய் மூன்றே மாதத்தில் திரும்பி வந்தானே, அவன்தான். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை போட்டிருக்கிறான். படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் தேய்த்துக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான், அங்க போன மொத மாசத்துலயே எனக்கு வேல போச்சி மாமா, மீதி ரெண்டு மாசம் நானும் பழைய போட்டாவத்தான் வாரா வாரம் எங்கம்மாவுக்கு அனுப்பிக்கினு இருந்தேன், ஊருக்கு வந்தா உன் வாயில வுழுவணுமேன்னு பயம் என்றான். செருப்பால் அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. அவனுக்கு டூரிஸ்ட் என்று பேர் வைத்தது நான்தானே. டீக்கடையில் நாலு பேர் சிரிக்க வேண்டும் என்று, இன்னாடா டூரிஸ்ட், ஏரோப்ளேன் எப்படிக் கீது என்று கேட்டு, அது ஊர்ப் பேராகவே ஆகிவிட்டது. அப்போது நீ என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ சிரிக்கவில்லை, அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. என்ன மன்னிச்சிடுப்பா என்று அவனிடம் கேட்டேன். வுடு மாமா, மொதல்ல அவன வரச்சொல்லு என்றான்.

மோகன், நீ கிளம்பின அன்றைக்கு அத்தனை ஜனத்துக்கு நடுவில், மூணு வருசம் முடியாம வந்தீனா என் மூஞ்சில முழிக்காத என்று சொன்னேன். வாய்க்கொழுப்பில் சொன்னது. அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் நீ அங்கே யார் வீட்டுச் சேவல் கூவுகிற இடத்திலோ படுத்துக்கொண்டு எங்களுக்கு மலையும் கடலும் காட்டிக்கொண்டிருக்கிறாய் என்றால், அந்தச் சொல்லை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எழுத்தில் கொடுக்கிறேன், இதுதான் எழுத்து. ஊர் என்ன பேர் வைக்குமோ வைக்கட்டும், முதலில் அவர்கள் என்னைக் கடந்து வரட்டும். நேற்றுக்கூட ஒரு கடற்கரைப் படம் வந்தது, உங்கம்மா சிரித்துக்கொண்டே கொண்டுவந்து காட்டினாள், நானும் நல்லாக்கீது என்றேன். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என்னால் அப்படிச் சொல்ல முடியாது கண்ணு.

இந்தக் கடிதம் தபாலில் வராது. தென்னேரி தினகரன் ஒன்பது வருஷமாக அந்த நாட்டில் ஓட்டல் வேலை பார்க்கிறான், லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறான். நீ கொடுத்த ரூம் விலாசத்தை அவனிடம் தந்திருக்கிறேன். அங்க இல்லன்னா எங்க கீறான்னு தேடிப் புடிச்சிக் குடுக்கறேன், நீ பேஜார் ஆவாத மாமா என்று சொல்லியிருக்கிறான். உங்கம்மா கொடுத்த கருவாட்டுப் பொட்டலமும் இட்லிப் பொடியும் அவனிடம் இருக்கும். பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, அடுத்தவன் கையில் இருக்கிறதா என்று அவனிடம் மறைக்காமல் சொல், வழி அவனுக்குத் தெரியும். தெரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. வயிற்றைக் காயப் போடாதே. சுந்தர வரதர் உன்னைக் கை விடமாட்டார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றை மறக்காதே. கடிதம் உன் கைக்கு வந்த அன்றைக்கு, நம்மூர் நேரம் சாயங்காலம் நாலரைக்குத் தினகரன் தன் போனில் வீடியோ போடுவான். உங்கம்மாவும் கனகாவும் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றப் போயிருப்பார்கள், நான் மட்டும்தான் இருப்பேன். நீ ஒரு காரணமும் சொல்ல வேண்டாம், பேசவே வேண்டாம். முகத்தை மட்டும் காட்டு.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் நைனா
ஆ. முனிரத்தினம்